கீழ் டிவிஷன் சிவப்பு விளக்கு

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று மலையில் என் விளக்கு எரிந்தது. கம்பெனி விளக்கு என்று சின்னுசாமி அண்ணன் சொல்லிக்கொள்ளட்டும், அவர் முதலாளி. அதற்குப் புரோகிராம் எழுதியது நான்தான், பூங்கோதைதான். அதனால் என் விளக்கு.

செம்பாறை எஸ்டேட் கீழ் டிவிஷன் பஸ் நிறுத்தத்தில் கம்பம் நட்டு, சோலார் தகடு மாட்டி, பெட்டியைப் பூட்டினோம். மேட்டில் நிற்கும் காவலர் யானைக் கூட்டத்தைப் பார்த்தால் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு அந்தச் செய்தியை வாங்கி விளக்கைப் போடும். சிவப்பு எரிந்தால் பஸ்ஸை விட்டு யாரும் இறங்கக் கூடாது. பஸ் நேரே ஃபேக்டரி கேட்டுக்குப் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல். யானை இறங்கும் மாதங்களும் மழை மாதங்களும் ஒன்று. வெயில் இல்லாவிட்டால் சோலார் எங்கே சார்ஜ் ஏற்றும்? பேட்டரியைக் குடிப்பதே அந்த நெட்வொர்க் கார்டுதான். செய்தி வருகிறதா வருகிறதா என்று நாள் பூராவும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். "பெரிய பேட்டரியாப் போட்டரலாம் அம்மிணி" என்றார் சின்னுசாமி அண்ணன். நான் விடவில்லை. வேலை இல்லாத நேரத்தில் கார்டைத் தூங்க வைப்போம், செய்தி வந்தால் அதுவே எழும் என்றேன். ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அதைக் கார்டுக்குத் தகுந்தபடி எழுதி முடிக்க எனக்கு ஆடி, ஆவணி இரண்டும் போனது. மேசைமேல் வைத்துச் சோதித்தபோது எத்தனை முறை தூங்க வைத்தாலும் சொன்ன சொல்லுக்கு எழுந்தது.

எஸ்டேட்டுக்கு அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். விளக்கு முதல்முறை எரிந்தபோது பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "பரவாயில்லையே புள்ள, பொரியல்ல உப்புப் போட மறந்தாலும் இதெல்லாம் மறக்கறதில்ல" என்றார். கொழுப்பு.

அக்டோபர் 4, புதன்

பொள்ளாச்சி ஆபீஸ் முன்னறைச் சுவரில் பெரிய திரை மாட்டியாகிவிட்டது. மலைப் பெட்டியின் பேட்டரி, விளக்கு, தட்பவெப்பம் எல்லாம் நொடிக்கு நொடி அதில் தெரியும். வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று அண்ணன் கேட்டார். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்? கூரியர்காரர் கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். இரவும் பகலும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

பேட்டரி தளும்பி நிற்கிறது! சனிக்கிழமை பாதிக்குக் கீழே கிடந்தது. நேற்று மலையில் நல்ல வெயில் போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அண்ணன் தன் கையால்தான் அணைப்பார். ஆகவே ஞாயிறு என்ன நடந்தது என்று திரையில் பார்க்க முடியாது.

மகள் யாழினிக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம், தெர்மோகோல் வாங்க வேண்டும்.

அக்டோபர் 14, சனி

பேட்டரி மறுபடி இறங்கிவிட்டது. மேகமூட்டம். வேறென்ன?

அக்டோபர் 16, திங்கள்

இன்றும் பேட்டரி நிறைந்திருக்கிறது. சொன்னேனே, ஞாயிறு வெயில் என்று. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எங்கத்த வெயில்? நேத்தெல்லாம் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. வைப்பர் நிக்கவே இல்ல" என்றார். மலையில் ஒரு வளைவில் மழை, அடுத்த வளைவில் வெயில். பஸ் ஓட்டுகிறவருக்கு முன்கண்ணாடி தெரியும், வானம் எங்கே தெரிகிறது? அப்படியே சொன்னேன். "செரிங்க மேடம்" என்று கும்பிட்டார்.

அக்டோபர் 21, சனி

ஆபீஸ் கழுவினோம். திங்கள் ஆயுத பூஜை. மெயின் சுவிட்சை அணைத்தாகிவிட்டது, இனிச் செவ்வாய்தான் போடுவோம். யானைக் கூட்டம் ஒன்று செம்பாறைப் பக்கம் நகர்வதாகக் காவலர் சொன்னார். வரட்டும். அதற்குத்தானே விளக்கு?

அக்டோபர் 23, திங்கள்

காலையில் பூஜை. சால்டரிங் மெஷின், மீட்டர், என் கீபோர்டு, சுவர்த் திரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். "இன்னிக்கு ஒண்ணையும் தொடப்படாது அம்மிணி, அதுகளும் பாவம் உறங்கட்டும்" என்று பொரிகடலையைக் கை நிறையக் கொடுத்தார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் தன் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை போல ஓட்டிக்கொண்டு போனார். யாழினி போட்டோ எடுத்தாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் பஸ் கீழ் டிவிஷன் போனபோது விளக்கு எரியவில்லை. காவலர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். செய்தி போனதாகச் சர்வரில் பதிவாகியிருக்கிறது. விளக்கு மட்டும் எரியவில்லை. பொள்ளாச்சியில் சாமான் வாங்கிவிட்டுத் திரும்பிய தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பஸ் நிறைய இருந்திருக்கிறார்கள். சகாயமேரி என்கிற அம்மா முதல் ஆளாக இறங்கியிருக்கிறார். பனிக்குள்ளே நான்கைந்து யானைகள் நின்றிருக்கின்றன.

என் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தம்மா ஓடிக் காவாயில உழுந்துருச்சு. நான் பஸ்ஸ அதுகளுக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல கொண்டுபோயி நிறுத்துனேன். முன்னாடி வாழைக்கன்னு கட்டியிருந்தமல்ல, அதெப் புடுங்கித் திங்கறதுல பெரிசு மும்முரமாயிருச்சு. அதுக்குள்ள கண்டக்டர் பின்கதவுல அந்தம்மாவத் தூக்கி உள்ள போட்டுட்டாரு. கை ஒடிஞ்சு போச்சு."

அட சாமி! வாழைக்கன்று கட்டாத நாளாக இருந்திருந்தால்?

இன்று விடிந்து, யானை எல்லாம் போய், ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் விளக்கு எரிந்திருக்கிறது. ஒன்றுமில்லாத பாதையைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்ததாம். எஸ்டேட் ஜனம் காறித் துப்பாத குறை.

என் கோடில் தப்பில்லை. ஈரம் ஏறியிருக்கும். டவர் படுத்திருக்கும்.

அக்டோபர் 25, புதன்

விளக்குக்குச் சாக்கைக் கட்டி மூடிவிட்டார்கள். எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது: "விளக்கு இல்லாதப்ப நாங்க கண்ணு காதத் தொறந்து வச்சுட்டு எறங்குனோம். உங்க விளக்க நம்பித்தான் அந்தப் பொம்பள எறங்குச்சு. தீபாவளிக்குள்ள கம்பத்தப் புடுங்கிட்டுப் போயிருங்க." எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் அவரும் என்னோடு பேசவில்லை. "யாழினி, உங்கம்மாகிட்டச் சொல்லு, எனக்குப் பசியில்ல." நான் என்ன, அடுத்த வீட்டிலா இருக்கிறேன்? என்னால் அவருக்கு டிப்போவில் தலைக்குனிவு போலிருக்கிறது. சரி, இருக்கட்டும். எனக்கும் ரோசம் உண்டு. "யாழினி, உங்கப்பாகிட்டச் சொல்லு, பசிச்சா அடுப்பு மேல இருக்குதுன்னு."

அக்டோபர் 26, வியாழன்

அவருக்கு இன்று விடுமுறை. காலையிலேயே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு எங்கோ கிளம்பினார். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்பேனா நான்?

தினமும் போய்வரும் மலைப் பாதையை வேண்டாம் என்று, உடுமலை ரூட்டு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கண்டக்டர் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். பத்து வருஷமாக அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த மனுஷன்.

அக்டோபர் 27, வெள்ளி

ஆபீஸில் இருக்கும் மாற்றுப் பெட்டியைத் திரையோடு சேர்த்து, காலையிலிருந்து மாலை வரை செய்தி அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எரிகிறது. ஒவ்வொரு முறையும்! "பாருங்கண்ணா, என் மேல தப்பில்ல" என்றேன். "நாம் பாத்து என்ன அம்மிணி பண்றது, மேல இருக்கறவங்கல்ல பாக்கோணும்" என்றார்.

அக்டோபர் 28, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நாசமாய்ப் போன திரை.

சாயங்காலம் அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். சுவர்த் திரை இருண்டது. மாற்றுப் பெட்டி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா ஒரு செய்தி என் போனிலிருந்து அனுப்பினேன். எரியவில்லை. மறுபடி அனுப்பினேன். எரியவில்லை. "அண்ணா, மெயினைப் போடுங்க!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய்ப் போட்டார். நான் பெட்டியைக் கையால் எழுப்பித் திரையோடு சேர்த்தேன். செய்தி அனுப்பினால் எரிகிறது.

கார்டு சும்மா இருந்தால்தான் தூங்கும். திரைக்கு நொடிக்கு நொடி கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த கார்டு எப்போது சும்மா இருந்தது? திரை ஓடிய நாளெல்லாம் அது தூங்கவே இல்லை. அதனால்தான் சனிக்கிழமைக்குள் பேட்டரி காலி. சனி சாயங்காலம் திரை அணைந்ததும் தூங்கியது, அதனால் திங்கள் பேட்டரி நிறைவு. வெயிலாம் வெயில்! மனுஷன் வைப்பர் நிற்கவில்லை என்று சொன்னாரே, காதில் வாங்கினேனா?

தூங்கியது சரி, ஏன் எழவில்லை? அது இதைவிடக் கேவலம். கார்டைத் தூங்க வைக்கும்போது, செய்தி வந்தால் கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்று அதற்கு ஓர் அனுமதியும் தர வேண்டும். மேசைச் சோதனையில் அந்த அனுமதியை நான் கையால் தட்டிக் கொடுத்திருந்தேன். பெட்டியில் ஏற்றிய கோப்பில் அந்த ஒரு வரியை எழுதவில்லை. ஆயுத பூஜைக்குத் திரை அணைந்தது, பெட்டி தூங்கியது, செய்தி வந்தது, எழுப்ப அனுமதி இல்லை. மறுநாள் காலை கணக்கு அனுப்பத் தானாக எழும் நேரத்தில்தான் பழைய செய்தியைப் பார்த்து விளக்கைப் போட்டிருக்கிறது.

என் பெட்டியை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் தப்பு கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டது. ஒரு வரி. ஒரு அம்மாவின் கை.

அக்டோபர் 30, திங்கள்

வந்ததும் திரையைச் சுவரிலிருந்து கழற்றினேன். அண்ணனுக்கு மனசே இல்லை. "வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணு வேணுமே அம்மிணி?"

"விளக்கு எரியறதைக் காட்டலாமுங்கண்ணா. மலைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அந்த வரியை எழுதினேன். திரை இல்லாமல், யாரும் தொடாமல், பெட்டியைத் தூங்கவிட்டு, பிறகு செய்தி அனுப்பினேன். எழுந்தது. இந்த முறை கத்தவில்லை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 1, புதன்

செம்பாறைக்குப் போனேன். காலையில் மஸ்டரில், ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், எல்லாரும் கூடைகளோடு நின்றிருந்தார்கள். என்ன சொல்வது என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். டவர் பிரச்சினை, இப்போது சரியாகிவிட்டது. இவ்வளவு போதுமாம்.

நான் அதைச் சொல்லவில்லை. டவர் மேல் பழி போட்டுப் பிழைக்கிற நிலைமை எனக்கு வரவில்லை. "தப்பு டவர்ல இல்ல, மழையில இல்ல. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். அதனாலதான் எரியல. இப்ப எழுதிட்டேன்" என்றேன். ஒரே சத்தம். ஒருவர், "தப்ப ஒத்துக்கிட்டா ஆனை விட்டுருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பத்து நாள் பாருங்கள், அதுவரை விளக்கு எரிந்தால் நம்புங்கள், எரியாவிட்டால் நம்ப வேண்டாம், பழையபடி பார்த்தே இறங்குங்கள் என்றேன். சாக்கை அவிழ்க்க ஒத்துக்கொண்டார்கள்.

சகாயமேரி அம்மா மாவுக்கட்டோடு ஓரத்தில் இருந்த தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. பக்கத்தில் போய், "என்னாலதானுங்க" என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிரைவர் சம்சாரமா நீங்க?"

"ஆமாங்க."

"ம்" என்றார். ஜன்னலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

நவம்பர் 3, வெள்ளி

பார்க்க மாட்டேன். ஆபீஸிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து எட்டிப் பார்த்தால் கார்டு விழித்துக்கொள்ளும், சோதனையே வீண். காவலர் பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தினமும் அந்த வழியாகப் போகிற ஆள். அந்த ஆள் என் எதிரில் உட்கார்ந்து, "யாழினி, சட்னி கேளு" என்கிறார்.

நவம்பர் 4, சனி

கேட்டுவிட்டேன். தோசையைத் தட்டில் போட்டபடியே, யாழினியைக் கூப்பிடாமல், "ஏனுங்க, தினமும் விளக்கப் பாத்து எனக்குச் சொல்லோணும். உங்களை விட்டா ஆளில்ல" என்றேன். "செரி" என்றார். பிறகு ஐந்து தோசை தின்றார். யாழினி, "ரெண்டு பேருக்கும் இனிமே நான் போஸ்ட்மேன் வேலை பாக்க மாட்டேன்" என்று எழுந்து போனாள்.

நவம்பர் 7, செவ்வாய்

ஃபேக்டரி கேட்டிலிருந்து போன் செய்தார். மூச்சு வாங்கியது. "கோதை! எரிஞ்சுது. வளைவு திரும்பறப்பவே செவப்பா எரிஞ்சுது. நான் நிறுத்தவே இல்ல, நேரா மேல வந்துட்டேன். தாண்டறப்பப் பாத்தோம், நிழற்குடை ஓரத்துல ஒரு கொம்பன், ரெண்டு பெட்டை, ஒரு குட்டி. ஒருத்தரும் எறங்கல!" பின்னால் பஸ்ஸே கூச்சல் போட்டது.

நான் குழம்பைத் தீயவிட்டுவிட்டேன்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்றும் எரிந்தது. மேகம்தான், ஆனாலும் பெட்டி காலையில் அனுப்பும் கணக்கில் பேட்டரி இறங்கவில்லை. அண்ணன் அதிரசம் கொடுத்தார். எஸ்டேட்டிலிருந்து கம்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எரியும்போது நம்புகிறார்கள். எரியாதபோது ஒருவரும் முதலில் இறங்குவதில்லையாம். கண்டக்டர் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இறங்குகிறார்களாம். ஒரு நாள் யானைக் கூட்டம் அவரைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது? இப்படியே போனால் கம்பம் நிற்கும், விளக்கு செத்த மாதிரிதான்.

நவம்பர் 11, சனி

ஆபீஸ் அரை நாள். மெயினை அணைத்ததும் நேரே பஸ் ஸ்டாண்டு போய் அவர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நானே முதலில் இறங்கிக் காட்டுவது என்று முடிவு. அவரிடம் சொல்லவில்லை.

தீபாவளிக் கூட்டம். துணிப்பை, பட்டாசு டப்பா, முறுக்கு வாசனை. மாவுக்கட்டைப் பிரித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த சகாயமேரி அம்மாவும் முன் இருக்கையில் இருந்தார். இன்னும் ஒரு வாரம் கட்டு இருக்க வேண்டுமாம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கீழ் டிவிஷன் வந்தபோது நல்ல பனி. விளக்கு எரியவில்லை. பஸ் நின்றது. ஒருவரும் எழவில்லை. கண்டக்டர் டார்ச்சை எடுத்தார். நான் எழுந்தேன். சகாயமேரி அம்மா நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க எறங்கி என்னம்மா? செஞ்சவங்க எறங்கத்தான் செய்வாங்க."

பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டிரைவரண்ணே! அன்னிக்கு என்ன சொன்னீங்க? விளக்கு எரியலைன்னா ஆனை இல்ல, என் பொண்டாட்டி செஞ்சது, கண்ண மூடிட்டு எறங்குங்கன்னு சொன்னீங்களா இல்லையா? மாசம் பூரா அதத்தான் சொன்னீங்க. அதக் கேட்டுத்தான் நான் மொத ஆளா எறங்குனேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் மாதம் முழுக்க என் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. அந்த அம்மாவின் கை ஒடிந்தது தன் வாயால்தான் என்று நினைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல், ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் என்னவோ அவருக்கு என்னால் தலைக்குனிவு என்று நினைத்துச் சட்னிக்கும் சாதத்துக்கும் ரோசம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் நீங்க சொல்லுங்க, எறங்கறேன்" என்றார் சகாயமேரி அம்மா. "எறங்கலாமா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. சொல்லாமல் விட்டால் அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்காது, சத்தியமாக.

"எறங்கலாமுங்கக்கா" என்றார்.

"யாரு செஞ்சது?"

"என்ற பொண்டாட்டி செஞ்சது."

பஸ் மொத்தமும் சிரித்தது. சகாயமேரி அம்மா எழுந்து, கண்டக்டரின் டார்ச்சைத் தள்ளிவிட்டு, படியில் இறங்கினார். தார் ரோட்டில் நின்று புடவையை உதறிக்கொண்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக, பையும் பட்டாசுமாக எல்லாரும் இறங்கி வரிசையாக நிற்கும் லைன் வீடுகளைப் பார்த்து நடந்தார்கள். பனிக்குள் பேச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

பஸ் மலையிலிருந்து இறங்கும் வழியில் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

"உடுமலை ரூட்டு என்னாச்சுங்க?"

"அதெ வேண்டாம்னு சொல்லிரலாம்."

"இனிமே யாருக்காவது என் பேரைச் சொல்றதுக்கு முன்னால என்னைக் கேக்கோணும்."

"கேட்டிருந்தா அன்னிக்கு நீ என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிருக்கு, தாராளமாக இறங்கச் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதையே சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே சிரித்தார். பொள்ளாச்சி வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.